நோட்டரி முத்திரைக்கு என்ன விலை? - வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு வாசகிக்கு அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) பற்றிப் பதில் எழுதும்போது, கடைசி வரியில் "நோட்டரி கட்டணமும் விதிகளும் மாற வேண்டும், அதற்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடக்க வேண்டும், உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை எல்லாக் கேள்வியும் அதைப் பற்றித்தான். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் பட்டுக்கோட்டைக்காரி. 1992-லிருந்து வக்கீல், 2003-லிருந்து நோட்டரி. இங்கே எழுதுவது எல்லாம் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தது.

● வாரிசுச் சான்றுக்காக ஒரு உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, இரண்டு நிமிட வேலை. 500 ரூபாய் வாங்கினார்கள். ரசீது கேட்டால் முறைக்கிறார்கள். சட்டப்படி எவ்வளவுதான் கொடுக்க வேண்டும்?
- வாசகர், மன்னார்குடி

உறுதிமொழி வாங்கிக் கையெழுத்துப் போட நோட்டரிக்கு உள்ள கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். 1956-ஆம் ஆண்டு நோட்டரி விதிகளில் பத்தாவது விதியாக ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டணப் பட்டியலை நோட்டரி தன் அறைக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. வாங்கிய காசுக்கு ரசீது கொடுக்க வேண்டும் என்பதும் விதிதான். நீங்கள் கேட்டது உங்கள் உரிமை. யாரும் முறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 500 ரூபாய் என்று சொன்னீர்களே, அதில் முத்திரைத்தாள், டைப் அடித்த கூலி, வாசகம் எழுதிக் கொடுத்த வக்கீலின் கூலி எல்லாம் சேர்ந்திருக்கலாம். அவை வேறு, நோட்டரி கட்டணம் வேறு. பிரித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல முடியாது என்றால் அங்கேதான் சிக்கல்.

ஏன் சிக்கல் என்பதை ஒரு பத்திரத்தை வைத்தே சொல்கிறேன். போன ஆடி மாதம் ஒரு பெரியம்மா வந்தார். ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர். வீட்டில் கூப்பிடுகிற பெயரைப் பட்டாவில் எழுதிவிட்டார்கள். நம் பக்கம் இது சாதாரணம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்று பேங்கில் கேட்டிருக்கிறார்கள். ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். திருப்பிவிட்டார்கள். அந்தத் தாளை என் மேசையில் விரித்து வைத்தார். வட்ட முத்திரை மை பரவி, உள்ளே இருக்கிற பெயரே படிக்க முடியவில்லை. நோட்டரியின் பதிவு எண் இல்லை. போடுகிற ஒவ்வொரு பத்திரத்தையும் நோட்டரி எழுதி வைக்கிற பதிவேட்டின் வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. தேதி மட்டும் டைப்பில் இருந்தது.

"உங்களைச் சத்தியம் பண்ணச் சொன்னாங்களா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"யாரும்மா சொன்னா? அந்த ஆள நான் பாக்கவே இல்லையே. டைப் அடிக்கிற கடையில கைநாட்டு வச்சேன். உள்ள எடுத்துக்கிட்டுப் போயி முத்திரை குத்திக் கொண்டாந்து குடுத்தாங்க."

அதற்கு அவர் கொடுத்தது 600 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336. கிட்டத்தட்ட இரண்டு நாள் வெயிலில் நின்ற காசு. ஆள் முகத்தையே பார்க்காமல் "என் முன்னிலையில் கையெழுத்திட்டார்" என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததற்கு.

இதில் 600 ரூபாய் மட்டும் குற்றம் இல்லை. விதியில் போட்ட கட்டணம் இந்தக் காலத்துக்குக் கட்டாது. கட்டாததால் கூட வாங்குகிறார்கள். கூட வாங்குவதால் ரசீது போட முடிவதில்லை, ரசீதில் எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். ரசீது இல்லாத காசைப் பதிவேட்டிலும் எழுத முடியாது, ஏனென்றால் வாங்கிய கட்டணத்துக்கு அதில் ஒரு கட்டமே இருக்கிறது. பதிவேட்டில் ஏறாத பத்திரத்துக்கு ஆள் நேரில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? இப்படி ஒரு சின்னத் தொகையில் ஆரம்பித்துக் கடைசியில் போலிப் பத்திரத்தில் போய் நிற்கிறது. இதைத்தான் நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

● புகார் கொடுக்கலாமா? யாரிடம்?
- வாசகி, அறந்தாங்கி

கொடுக்கலாம். முத்திரையைப் பாருங்கள். விதிப்படி அது ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். அதில் நோட்டரியின் பெயர், அதிகார எல்லை, பதிவு எண், நியமித்த அரசு எது என்பது எல்லாம் இருக்கும். மாநில அரசு நியமித்தவர் என்றால் சென்னைத் தலைமைச் செயலகத்தில் சட்டத்துறைக்கு எழுத வேண்டும். மத்திய அரசு நியமித்தவர் என்றால் டெல்லியில் சட்ட அமைச்சகம். பதின்மூன்றாவது விதியில் புகாருக்கு ஒரு படிவம் இருக்கிறது, விசாரணை முறையும் இருக்கிறது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நோட்டரி தன் வேலையைச் செய்யும்போது செய்த குற்றத்துக்காக நீங்கள் நேரே கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. அரசு அதிகாரம் கொடுத்த ஓர் அதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால்தான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும் என்று நோட்டரி சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. நேர்மையாக வேலை செய்கிறவருக்கு வீண் தொல்லை வரக் கூடாது என்று வைத்த பிரிவு. என்னையும் அது காப்பாற்றுகிறது. இருந்தாலும், அந்தப் பெரியம்மாவுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் அது ஒரு சுவராக நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

● நீங்களும் நோட்டரிதானே? நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்? மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள்.
- பெயர் போட வேண்டாம் என்கிறார், திருத்துறைப்பூண்டி

நியாயமான கேள்வி. நோட்டரி வேலைக்கு விதியில் உள்ளதை வாங்குகிறேன், ரசீது போடுகிறேன். வாசகம் நான் எழுத வேண்டியிருந்தால் அதற்கு வக்கீல் கட்டணம் தனி. அதற்கு வேறு ரசீது. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை சம்பந்தமான பத்திரங்களுக்கு எதுவும் வாங்குவதில்லை.

எப்போதும் இப்படி இருந்தேனா என்றால், இல்லை. முதல் மூன்று வருடம் எல்லோரையும் போல ஒரு மொத்தத் தொகை வாங்கினேன், ரசீது போடவில்லை. பக்கத்து மேசையில் அதுதான் வழக்கம், நானும் செய்தேன். 2006-இல் ஒரு வழக்கில் சாட்சிக் கூண்டில் நின்றேன். நான் முத்திரை போட்ட ஒரு பவர் பத்திரத்தைப் பற்றி, அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரத்தைப் பற்றி, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "இவர் உங்கள் முன்னால் வந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?" வந்தார், எனக்கு முகம் நினைவிருந்தது. ஆனால் பதிவேட்டில் அந்த வரியை நான் பாதிதான் எழுதியிருந்தேன். நீதிபதி பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு வரியும் காலியாக விட்டதில்லை.

நோட்டரி முன்னால் எழுதிய பவருக்கு நம் சாட்சியச் சட்டத்தில் தனி மதிப்பு இருக்கிறது. அது முறையாகத்தான் எழுதப்பட்டது என்று கோர்ட்டு முதலில் ஏற்றுக்கொண்டுதான் ஆரம்பிக்கும். பழைய சட்டத்தின் 85-வது பிரிவில் இருந்தது, புதிய சட்டத்திலும் வைத்திருக்கிறார்கள். கோர்ட்டே இவ்வளவு நம்புகிற ஒரு முத்திரையை நாம் எப்படிப் பாதுகாக்கிறோம் என்பதுதான் என் கவலை.

● சட்டத்தைத் திருத்தப் போவதாக முன்பு பேப்பரில் வந்ததே, என்ன ஆயிற்று?
- வாசகர், காரைக்குடி

2021-ஆம் ஆண்டுக் கடைசியில் மத்திய சட்ட அமைச்சகம் நோட்டரி சட்டத் திருத்த மசோதா ஒன்றின் வரைவை வெளியிட்டு, டிசம்பர் 15-க்குள் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டது. அதில் முக்கியமாக மூன்று விஷயம். முதலாவது, ஒரு நோட்டரி மொத்தம் பதினைந்து வருடம்தான் இருக்கலாம்: முதல் ஐந்து வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாக இரண்டு தடவை புதுப்பித்தல், அத்தோடு சரி. இரண்டாவது, முறைகேடு என்று விசாரணை நடக்கும்போதே சான்றிதழை நிறுத்தி வைக்கலாம். மூன்றாவது, பதிவுகளை மின்னணு முறைக்குக் கொண்டுபோவது.

நாடு முழுக்க வக்கீல்கள் முதல் விஷயத்தை எதிர்த்தார்கள். எங்கள் சங்கத்திலும் பெரிய வாக்குவாதம். மசோதா ஓட்டெடுப்புக்கு வரவில்லை. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டோம். பதினைந்து வருட வரம்பைப் பற்றிச் சண்டை போட்டதில், விசாரணைக் காலத் தடையும் மின்னணுப் பதிவும் கூடவே கிடப்பில் போய்விட்டன. எனக்கு இதில்தான் வருத்தம். பிடிக்காத பிரிவை எதிர்த்து ஓட்டுப் போடட்டும், திருத்தம் கொண்டு வரட்டும். மொத்தத்தையும் மூட்டை கட்டி வைப்பது என்ன நியாயம்?

நம் நோட்டரி சட்டம் 1952-இல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1956 பிப்ரவரி 14. அதற்கு முன்னால் இந்தியாவில் நோட்டரியாக வேலை செய்ய இங்கிலாந்தில் கான்டர்பரி பேராயரின் கீழ் இருக்கிற ஓர் அலுவலகத்திடம் உரிமம் வாங்குகிற வழக்கம் இருந்தது. சுதந்திர நாட்டுக்கு இது சரியில்லை என்று அன்றைய நாடாளுமன்றம் உட்கார்ந்து பேசி, ஓட்டுப் போட்டு, நமக்கென்று ஒரு சட்டம் செய்தது. அதையே இன்றைக்கும் செய்யச் சொல்கிறேன்.

● கட்டணம் விதியில்தானே இருக்கிறது? விதியை மாற்ற நாடாளுமன்றம் எதற்கு? அமைச்சகமே மாற்றலாமே.
- சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். சட்டத்தின் 15-வது பிரிவு விதி செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. கட்டணத்தை அமைச்சகம் ஓர் அறிவிக்கை போட்டு மாற்றலாம். அப்படிச் செய்த விதியை இரு அவைகளிலும் முப்பது நாள் வைக்க வேண்டும். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் அதை மாற்றலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அந்த முப்பது நாளில் எந்த உறுப்பினர் கண்ணில் நோட்டரி கட்டணம் படும்? மேசையில் வைக்கிற கட்டுக் காகிதத்தில் அது ஒரு தாள்.

அமைச்சகம் நினைத்தபோது மாற்றுவது என்றால், நினைக்காமலே இருந்துவிடலாம் என்றும் அர்த்தம். அதனால்தான் சொல்கிறேன்: கட்டணத்தைச் சட்டத்தின் அட்டவணையிலேயே சேர்த்து, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் பரிசீலிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு வைத்து, ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். ரசீது எண்ணும் பதிவேட்டு எண்ணும் பத்திரத்தின் மேலேயே இல்லாவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்பதையும் சட்டத்தில் போட வேண்டும். இன்றைக்கு நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும் என்கிறது சட்டம். அந்த இரண்டோடு இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தால், டைப் கடைக்குள் எடுத்துப் போய்க் குத்திக் கொண்டு வருகிற வேலை பாதி நின்றுவிடும்.

● சுற்றி வளைத்துக் கடைசியில் கட்டணத்தை உயர்த்தச் சொல்கிறீர்கள். ஏழைக்கு இது நல்லதா?
- வாசகர், சிவகங்கை

இன்று அந்த ஏழை கொடுப்பது 500, 600. பலகையில் இருப்பது நூறுக்குள். பலகையில் இருக்கிற தொகையால் அவருக்கு என்ன லாபம்? 200 ரூபாய் என்று நியாயமாகப் போட்டு, ரசீது கட்டாயம் என்று பிடித்தால் அவர் பாக்கெட்டில் மிச்சம்தான். உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை, சாதிச் சான்று மாதிரியான வேலைகளுக்குக் கட்டணமே இல்லை என்று அதே அட்டவணையில் போடலாம்.

பல வேலைகளுக்கு நோட்டரியே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் நகல்களில் நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும், எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் அஃபிடவிட்டை விடுங்கள் என்று மத்திய அரசு 2014-இலேயே துறைகளுக்குச் சொல்லியிருக்கிறது. "எதற்கும் ஒரு நோட்டரி கையெழுத்து வாங்கி வாங்க" என்று கவுன்டரில் சொன்னால், "எந்த விதியில் இருக்கிறது சார்?" என்று பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள். நோட்டரியான நானே சொல்கிறேன்.

● அமெரிக்காவில் எப்படி? ஊரில் இருக்கிற வீட்டை விற்க அண்ணனுக்குப் பவர் அனுப்ப வேண்டும்.
- வாசகர், நியூ ஜெர்சி

முதலில் உங்கள் வேலை. அங்கே உள்ள நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, உங்கள் மாநில அரசிடம் அப்போஸ்டில் (அந்தப் பத்திரத்தை வெளிநாட்டில் ஏற்க வைக்கிற அரசுச் சான்று) வாங்குங்கள். அந்தச் சான்றை ஏற்கிற நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 2005-இலிருந்து இருக்கிறது. இந்தியத் துணைத் தூதரகத்திலும் சான்று வாங்கலாம். பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அண்ணன் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதைத் தள்ளிப் போட்டுத் தவிக்கிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

இனி கட்டண விஷயம். அங்கே பெரும்பாலும் மாநிலச் சட்டத்திலேயே கட்டணம் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் ஓட்டுப் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 10 டாலராக இருந்ததை 2017-இல் 15 ஆக்கினார்கள். டெக்சாஸில் 6 டாலராக இருந்தது 2023 செப்டம்பரில் 10 ஆனது. நியூயார்க்கில் நேரில் போனால் இன்னும் 2 டாலர்தான், மின்னணு முறையில் என்றால் 25. இரண்டு டாலரில் ஒரு நோட்டரி எப்படிப் பிழைப்பார் என்று அங்கேயும் இதே பேச்சுத்தான்.

காணொளியில் ஆளைப் பார்த்தே சான்று கொடுக்கும் முறையை முதலில் அனுமதித்த மாநிலம் வர்ஜீனியா, 2012-இல். அதை நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்க ஒரு மசோதா வந்தது. 2022 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 336-க்கு 90 என்று ஜெயித்தது, 2023 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேறியது. இரண்டு தடவையும் செனட் அதை ஓட்டுக்கே எடுக்காமல் காலாவதியாக விட்டது. ஆக, மேசையில் கிடந்தே சாகிற மசோதா அங்கேயும் உண்டு. உங்களுக்கு அங்கே ஓட்டுரிமை இருந்தால் உங்கள் செனட்டருக்கு எழுதுங்கள்.

● எங்கள் ஊரில் காணி உறுதியையே நொத்தாரிசுதான் முடிப்பார். அங்கே நோட்டரியிடம் போய் நிலம் வாங்க முடியாதா?
- வாசகி, யாழ்ப்பாணம்

முடியாது அம்மா. உங்கள் நொத்தாரிசுக்கும் எங்கள் நோட்டரிக்கும் பெயர் ஒன்று, வேலை வேறு. உங்கள் நாட்டில் 1840-ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி எழுதுவது நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னால் நடக்க வேண்டும். அவர் எழுதுவதுதான் உறுதி, அதாவது நிலத்துக்கான பத்திரம். இங்கே நிலம் கைமாறுவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயப் பத்திரத்தால் மட்டும்தான். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்த மனைக்கும் பதிவு கட்டாயம்.

இதை எங்கள் ஊர்க்காரர்களே பலர் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள். "நோட்டரி போட்டாச்சு, இடம் நம்மளது" என்று முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. பவர் எழுதி வாங்கினாலும் சொத்து உங்களுடையது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

● நோட்டரி முன்னால் கல்யாணம் செய்துகொண்டால் செல்லுமா?
- வாசகர், கும்பகோணம்

செல்லாது. விவாகரத்தும் செல்லாது. நோட்டரி திருமண அதிகாரி இல்லை. இதைச் செய்யக் கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024-இல் நோட்டரிகளுக்கு எழுதியே சொல்லிவிட்டது.

● நான் இளம் வக்கீல். பத்து வருட அனுபவம் ஆனால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அப்புறமும் இடம் இல்லை என்கிறார்கள். பழையவர்கள் விலகினால்தானே நாங்கள் வர முடியும்?
- வக்கீல், பெரம்பலூர்

உங்கள் ஆதங்கம் புரிகிறது தம்பி. மாநில அரசு எத்தனை பேரை நியமிக்கலாம் என்று விதியிலேயே உச்ச வரம்பு இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 2,500 ஆக இருந்ததை 2025 அக்டோபரில் 3,500 ஆக்கியிருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு, பெண் வக்கீல்களுக்குப் பத்து வருடத்துக்குப் பதில் ஏழு வருடம் போதும். நீங்கள் எந்தப் பிரிவு என்று பார்த்து உடனே விண்ணப்பியுங்கள்.

பதினைந்து வருட வரம்பு முதலிலிருந்தே இருந்திருந்தால் என் சான்றிதழ் 2018-லேயே முடிந்திருக்கும். 2018-லும் 2023-லும் புதுப்பித்தேன், இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வரம்பு எனக்கு நஷ்டம். ஆனாலும் அதை ஆதரிக்கிறேன். ஒரு ஊரில் முப்பது வருடம் ஒரே ஆள் கையில் முத்திரை இருந்தால், கேள்வி கேட்க யாருக்கும் துணிச்சல் வராது. என்னையும் யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு தடவை சாட்சிக் கூண்டில் கேட்டதைத் தவிர.

● பதிவேடு பதிவேடு என்கிறீர்கள். அதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்காதா?
- வாசகி, மதுரை

இருக்காது. என்னுடையது சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. இதுவரை முப்பத்தொன்று நிரம்பியிருக்கிறது. எல்லாம் வீட்டில் ஒரு பீரோவில் இருக்கின்றன.

2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்தது. தோப்பில் ஒரு தென்னை நிற்கவில்லை. விடிந்ததும் எல்லோரும் தோப்பைப் பார்க்க ஓடினார்கள். நான் பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் இருந்த நான்கு நோட்டு ஊறிப் போயிருந்தன. கரண்ட் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பர் வைத்து, கரி இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடு பண்ணி, பதினோரு நாள் தேய்த்தோம், நானும் என் குமாஸ்தாவும். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது நின்றது. மைப் பேனாவில் எழுதிய வரிகள் நீலமாகக் கரைந்து ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. ஸ்டாம்ப் பேடு மை என்பதால் கட்டைவிரல் ரேகைகள் மட்டும் பல இடத்தில் அப்படியே இருந்தன. யாருடையது என்று சொல்லப் பெயர் இல்லை.

அந்த வரிகளில் யாரோ ஒருவரின் பவர் இருக்கிறது, யாரோ ஒருவரின் வீட்டு ஒப்பந்தம் இருக்கிறது. நாளைக்கு அவர்கள் கோர்ட்டில் நின்று "பட்டுக்கோட்டை நோட்டரியைக் கேளுங்கள்" என்றால் நான் எதைக் காட்டுவேன்? நோட்டரி ஆக விண்ணப்பிக்க 2024-இல் ஒரு இணையதளம் தொடங்கினார்கள், நல்லது. வருடத்தில் எத்தனை பத்திரம் போட்டேன், எவ்வளவு வாங்கினேன் என்று ஜனவரி முதல் வாரத்தில் அரசுக்குக் கணக்கு அனுப்புகிறோம். அதிலிருந்து அந்தப் பத்திரங்களின் வரிகளைத் திரும்ப எடுக்க முடியாது. அன்றன்றைக்கு எழுதுகிற வரி அன்றைக்கே ஒரு பொதுச் சேமிப்பில் ஏற வேண்டும். 2021 வரைவில் இதற்கு வழி இருந்தது.

● எம்.பி.க்கு எழுதுங்கள் என்கிறீர்கள். படிப்பார்களா? என்ன எழுதுவது?
- பல வாசகர்கள்

ஒரு கடிதத்தைப் படிக்காமல் விடலாம், நூறு கடிதத்தை விட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு முதலில் எழுதுங்கள். சட்ட அமைச்சரிடம் எழுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், அதற்குப் பதில் வந்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் தனிநபர் மசோதாவுக்கு (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருகிற மசோதா) நேரம் உண்டு, அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அரசு செய்கிற விதிகளைப் பார்க்கவே இரு அவைகளிலும் தனித்தனிக் குழு இருக்கிறது, அங்கே நோட்டரி விதிகளை எழுப்பச் சொல்லுங்கள். எம்.எல்.ஏ.விடம் சொன்னால் மாநில அரசு நியமனம் பற்றிப் பேசலாம். கட்டணத்துக்கு டெல்லிதான்.

இப்படி எழுதினால் போதும். உங்கள் சொந்த அனுபவம் ஒன்றைச் சேருங்கள், பத்திரத்தின் நகல் இருந்தால் வையுங்கள்:

"ஐயா / அம்மா, வணக்கம். நான் உங்கள் தொகுதி வாக்காளர். இன்ன தேதியில் இன்ன வேலைக்காக நோட்டரி பத்திரம் எடுத்தேன். இவ்வளவு கொடுத்தேன். ரசீது தரவில்லை. நோட்டரி கட்டணத்தை இன்றைய நிலைக்கு ஏற்பச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கவும், ஏழைகளின் உதவித்தொகைப் பத்திரங்களுக்குக் கட்டணத்தை நீக்கவும், ரசீது எண்ணும் பதிவேட்டு எண்ணும் பத்திரத்தில் கட்டாயம் ஆக்கவும், பதிவேட்டை மின்னணு முறையில் சேமிக்கவும் வேண்டுகிறேன். 2021-இல் வெளியிட்ட நோட்டரி சட்டத் திருத்த வரைவை மசோதாவாக அவையில் கொண்டுவந்து ஓட்டெடுப்பு நடத்த நீங்கள் கேட்க வேண்டும். நீங்கள் எப்படி ஓட்டுப் போடுவீர்கள் என்பதையும் எனக்குத் தெரிவியுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் ஒரு நகல் இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், எந்தத் தொகுதியிலிருந்து என்ன பதில் என்று அப்படியே போடுகிறேன். என் கடிதத்தைப் போன திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டேன். அந்தப் பெரியம்மா புதுப் பத்திரம் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகும் முன்னால் அவரிடம் கேட்டேன், பழைய தாளின் நகலையும் அதில் வைத்து அனுப்பலாமா என்று. "வச்சு அனுப்புத்தா" என்றார்.